கேம் கண்காட்சி ஸ்டால்களில் மாடல்கள்: விதி யாரைக் கட்டுப்படுத்த வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடியோ கேம் கண்காட்சிகளில் ஸ்டால் வாசலில் கவர்ச்சியாக உடுத்திய பெண்களை நிறுத்திக் கூட்டம் சேர்க்கும் வழக்கத்தைப் பற்றி எப்போது பேச்சு எழுந்தாலும், அது ஆடையின் நீளத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துபோகிறது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக்ஸ், கேம், சினிமா ரசிகர்களுக்கான காமிக் கான் விழா சென்னையில் முதல்முறையாக நடந்தது. இதுபோன்ற நிகழ்ச்சிகள் இங்கே வளரத் தொடங்கியிருக்கும் நேரத்தில், மற்ற ஊர்களில் என்ன விதி போட்டார்கள், அது எங்கே சறுக்கியது என்று பார்த்துவிட்டு நம் விதிகளை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

லாஸ் ஏஞ்சலஸில் 1995-இல் தொடங்கிய இ3 கேம் கண்காட்சி இந்த வழக்கத்துக்குப் பேர்போனதாக இருந்தது. 2017-இல்தான் அங்கே பொதுமக்களுக்கு முறையாக டிக்கெட் விற்றார்கள். அதற்கு முன்பு வந்தவர்கள் கடைகளுக்காகச் சரக்கு வாங்குபவர்கள், பத்திரிகையாளர்கள், துறைக்காரர்கள். பெரும்பாலும் ஆண்கள்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டு நிறுவனங்கள் ஆள் நிறுத்தின. 2006-இல் கண்காட்சியை நடத்திய, கேம் நிறுவனங்களின் சங்கமான எண்டர்டெயின்மென்ட் சாஃப்ட்வேர் அசோசியேஷன் விதியை இறுக்கியது. நிர்வாணம், அரை நிர்வாணம், நீச்சலுடையின் கீழ்ப்பகுதி எதுவும் கூடாது. முதல் முறை வாய்மொழி எச்சரிக்கை, அதற்கும் மசியாவிட்டால் 5,000 டாலர் அபராதம். ஸ்டாலுக்கே பல லட்சம் டாலர் கொட்டும் நிறுவனத்துக்கு அது ஒரு தொகையே இல்லை. 2007-இல் கண்காட்சி சுருங்கி சான்டா மோனிகாவுக்குப் போனது. 2009-இல் பழைய அளவில் திரும்பியபோது மாடல்களும் கூடவே திரும்பினார்கள்.

ஷாங்காயின் சைனாஜாய் கேம் கண்காட்சி இன்னும் நுணுக்கமாகப் போனது. மார்பின் பிளவு 2 சென்டிமீட்டருக்கு மேல் தெரிந்தால் 5,000 யுவான் அபராதம் என்று 2015-இல் அறிவித்தார்கள். இந்த விதியை நடைமுறைப்படுத்த வேண்டியவர் எங்கே நின்று எதைப் பார்த்து அளப்பார் என்று யோசித்தாலே, அது யாருடைய மானத்தைக் காப்பாற்றுகிறது என்பது விளங்கிவிடும்.

அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய பாக்ஸ் கண்காட்சியின் விதி இவற்றைவிட நல்லது. அது பெண்களை மட்டும் குறிவைக்கவில்லை. ஆணோ பெண்ணோ, உடல் கவர்ச்சியை வைத்துப் பொருளை விளம்பரப்படுத்தும் எந்தப் பணியாளரும் கூடாது என்கிறது. அதிலும் முழங்காலுக்கு 4 அங்குலத்துக்கு மேல் ஆடை ஏறக் கூடாது என்ற அளவு உண்டு. ஆனால் கூடவே ஒரு வரி இருக்கிறது: ஸ்டாலில் நிற்பவருக்கு அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் எழுதப்பட்ட விதிகளில் உண்மையில் வேலை செய்யக்கூடியது இந்த ஒன்றுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏனென்றால் துணியை அளக்கும் விதி எப்போதும் போய் விழுவது அந்த வேலைக்கு வந்த பெண்ணின் தலையில். 2012-இல் பாஸ்டனில் நடந்த, அதே பாக்ஸின் கிழக்குப் பதிப்பான பாக்ஸ் ஈஸ்ட்டில், ஒரு கேமின் கதாநாயகியாக வேடமிட்டு அதன் விளம்பரத்துக்கு வந்திருந்த பெண்ணிடம், உடையை மாற்றுங்கள் அல்லது தளத்தை விட்டுப் போங்கள் என்று சொன்னார்கள். அந்தக் கதாபாத்திரத்தை அப்படி வடிவமைத்தது நிறுவனம். அதை முன்வைத்து விளம்பரம் செய்ததும் நிறுவனம். வெளியே போகச் சொல்லப்பட்டது அவர். அதன் பிறகு வாரக்கணக்கில் நடந்த விவாதமும் அவரைச் சுற்றியே நடந்தது.

இதைவிட மோசமானது 2009 சான்டியேகோ காமிக் கானில் நடந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தன் 'டான்டேஸ் இன்ஃபர்னோ' கேமுக்காக ஒரு போட்டி வைத்தது. ஸ்டால் பெண்களுடன் காமச் செயல் ஒன்றைச் செய்து, அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். வென்றால் இரண்டு பெண்களுடன் இரவு விருந்து. அந்த நிறுவனத்தின் மாடல்கள் மட்டுமல்ல, அரங்கில் நிற்கும் எந்த மாடலுடனும் செய்யலாம் என்று போட்டி விதி சொன்னது. அதாவது, பக்கத்து ஸ்டாலில் வேறொரு நிறுவனத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த, இப்படியொரு போட்டி நடப்பதே தெரியாத பெண்ணும் அதில் இழுக்கப்பட்டார். கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2012-இல் லண்டன் யூரோகேமர் எக்ஸ்போவில், வேறொரு நிறுவனம் விளம்பரப் பெண்களின் ஷார்ட்ஸின் பின்புறத்தில் கியூஆர் கோடு அச்சிட்டு அனுப்பியிருந்தது. பார்வையாளர் போனை எங்கே நீட்ட வேண்டும் என்று நிறுவனமே சொல்லிக்கொடுத்த ஏற்பாடு அது. இந்த இரண்டு இடங்களிலும் ஆடை இன்னும் 4 அங்குலம் நீளமாக இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

சரி, இதனால் நிறுவனத்துக்காவது லாபம் உண்டா? கேம் ஸ்டாலுக்கு இல்லை. அதைக் காகிதத்தில் போட்டே காட்டலாம்.

6 மீட்டருக்கு 6 மீட்டர் ஸ்டாலில் கேமை விளையாடிப் பார்ப்பதற்கான நான்கு டெமோ இருக்கைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 10 நிமிடம் விளையாடுகிறார். அவர் எழுந்து அடுத்தவர் உட்கார்ந்து, ஹெட்செட்டைத் துடைத்து, கேமை முதல் திரைக்குக் கொண்டுவர 2 நிமிடம். ஆக ஒரு இருக்கைக்கு மணிக்கு 5 பேர், நான்குக்கு 20 பேர், 8 மணி நேரத்தில் 160 பேர். வாசலில் படமெடுக்க 500 பேர் திரண்டாலும் இந்த 160 கூடாது. குறையத்தான் செய்யும். போட்டோ எடுக்க நிற்கும் கூட்டம் 3 மீட்டர் நடைபாதையை அடைத்துவிடும், டெமோ வரிசையின் வால் எங்கே என்று யாருக்கும் தெரியாது, விளையாட வந்தவர் அடுத்த ஸ்டாலுக்குப் போவார், கடைசியில் தீயணைப்புப் பாதை அடைபட்டதென்று அரங்க நிர்வாகம் வந்து நிற்கும். வரிசையை நடத்தத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் இருக்கை ஒன்றுகூடக் காலியாக இருக்காது.

2014-இல் அமெரிக்கச் சந்தைப்படுத்தல் நிர்வாகி ஒருவர், ஒரே நிறுவனத்தின் இரண்டு ஸ்டால்களை ஒப்பிட்டு எழுதினார். மாடல்கள் நின்ற ஸ்டாலில் நடந்த உரையாடலும் டெமோவும் மற்றதில் நடந்ததில் மூன்றில் ஒரு பங்கு; தொடர்பு விவரம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பாதிக்கும் குறைவு. ஒற்றை ஒப்பீடுதான், அதுவும் தொழில்நுட்பக் கண்காட்சி; அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் காரணம் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வருபவர் கேட்கும் முதல் கேள்விக்கே, 'உள்ளே கேளுங்க சார்' என்ற பதில் வந்தால் அவர் உள்ளே போவதில்லை. பொருளை உண்மையிலேயே வாங்க வந்தவர் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார். பெண்களும் குழந்தைகளைக் கூட்டி வந்தவர்களும் அந்த வரிசைப் பக்கமே திரும்புவதில்லை. அமெரிக்காவில் கேம் விளையாடுபவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பெண்கள் என்று அந்நாட்டுத் துறை அமைப்பின் கணக்கே சொல்கிறது.

அப்படியானால் மாடல்களே வேண்டாம் என்று தடை போட்டுவிடலாமா? கூடாது. 2018-இல் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில், தொடக்கக் கோட்டில் மாடல் பெண்களை நிறுத்தும் கிரிட் கேர்ள் வழக்கத்தை நிறுத்தியபோது, அந்த வேலையைப் பார்த்த பெண்களே, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, பிழைப்புப் போய்விட்டதே என்று வருந்தினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மாற்ற வேண்டியது ஆளை அல்ல, வேலையை.

அரை நாள் பயிற்சி போதும். கண்காட்சியில் வைக்கப்போகும் அதே டெமோவை ஒவ்வொருவரும் முதலிலிருந்து கடைசிவரை குறைந்தது இரண்டு முறை விளையாட வேண்டும். எந்த இடத்தில் புதியவர் சிக்கிக்கொள்கிறார் என்று அப்போது தெரிந்துவிடும். அங்கே என்ன சொல்லிக் கைகொடுக்க வேண்டும் என்பதையும் பேசி வைத்துக்கொள்ளலாம். எந்தக் கருவியில் ஓடும், எப்போது வெளிவரும், எத்தனை பேர் சேர்ந்து விளையாடலாம், வயது வரம்பு என்ன, விலை என்ன என்ற ஐந்து கேள்விகளுக்கு எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். வயது வரம்பு வெறும் தகவல் அல்ல. ஜெர்மனியின் கேம்ஸ்காம் கண்காட்சியில் வயதுக்கேற்ற நிறத்தில் கைப்பட்டை கட்டுகிறார்கள். அதைப் பார்த்து 18 வயதுக்கான கேமுக்குள் சிறுவர்களை விடாமல் தடுப்பது ஸ்டால் பணியாளரின் வேலை. கேம் உறைந்துபோனால் மறுபடி தொடங்குவது எப்படி என்பதும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். அரங்கில் நூற்றுக்கணக்கான வயர்லெஸ் கருவிகள் ஒரே அலைவரிசையில் மோதுவதால் கன்ட்ரோலர் தொடர்பு அறுந்துகொண்டே இருக்கும். முதல் நாளிலிருந்தே கேபிள் போட்டுவிடுவது நல்லது. இதெல்லாம் தெரிந்த பெண்ணை யாரும் காட்சிப்பொருளாக நடத்த முடியாது. கூலியும் கூடுதலாகக் கேட்க முடியும்.

மேலே சொன்ன ஸ்டாலுக்கு இருக்கைகளைப் பார்க்க இருவர், வரிசைக்கு ஒருவர் என மூன்று இடங்கள். மூன்று பேரைப் போட்டால் யாருக்கும் ஓய்வு இல்லை. நான்கு பேரைப் போட்டால் ஒவ்வொருவரும் மணிக்கு 45 நிமிடம் வேலை, 15 நிமிடம் ஓய்வு. கணக்கு சரியாக வந்துவிடும். நான்காவது ஆளைத்தான் எல்லா நிறுவனமும் முதலில் வெட்டுகிறது. சிமென்ட் தரையில் மெல்லிய கார்ப்பெட் மேல் குதிகால் செருப்போடு 8 மணி நேரம் நின்றால் இரண்டாம் நாளே இடுப்பும் பாதமும் கழன்றுவிடும். தட்டைக் காலணியும், கார்ப்பெட்டுக்கு அடியில் ரப்பர் மெத்தையும் பெரிய செலவில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்களுக்குக் கிடைத்த அந்த உரிமை, மூன்று நாள் கண்காட்சியில் நிற்கும் பெண்ணுக்கும் நடைமுறையில் கிடைக்க வேண்டும்.

பிரச்சினையின் வேர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேம் நிறுவனம் ஈவென்ட் நிறுவனத்திடம் சொல்கிறது, அது ஏஜென்சியிடம், ஏஜென்சி கோஆர்டினேட்டரிடம், அவர் பெண்களிடம். ஒவ்வொரு கையிலும் ஒரு கமிஷன் கழிகிறது. பணம் வந்து சேர மாதங்கள் ஆகின்றன. உடை என்னவென்று கண்காட்சி நாள் காலையில்தான் தெரிகிறது. பையைத் திறந்தால் அளவு இரண்டு சுற்றுச் சிறியது. போட மாட்டேன் என்றால் அன்றைய கூலி இல்லை, அடுத்த வேலைக்கு அழைப்பும் இல்லை. மாற்றும் இடம், ஸ்டாலுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய, தாழ்ப்பாள் இல்லாத மூலை.

ஆகவே அமைப்பாளர்கள் எழுத வேண்டியது இதுதான். உடையின் படமும் அளவும் 15 நாட்களுக்கு முன்பே பணியாளருக்கும் அமைப்பாளருக்கும் வந்திருக்க வேண்டும். அமைப்பாளரின் ஆட்சேபம் அப்போதே எழுத்தில் போக வேண்டும், அரங்கில் பெண்ணிடம் அல்ல. சொல்லாத உடையை அன்று கொடுத்தால் மறுக்கலாம். மறுத்தாலும் முழுக்கூலி உண்டு. அபராதம் ஸ்டால் எடுத்த நிறுவனத்துக்கே, அதுவும் நிலையான தொகையாக இல்லாமல் ஸ்டால் வாடகையில் ஒரு பங்காக. அப்போதுதான் பெரிய நிறுவனத்துக்கும் உறைக்கும். உடை மாற்றப் பூட்டுள்ள அறையை அரங்கமே ஒதுக்க வேண்டும்.

வேடமிட்டு நிற்பவரைப் படமெடுக்க அனுமதித்தால், அவர் பின்னால் சுவர் இருக்க வேண்டும், முன்னால் ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு கட்ட வேண்டும். மேடை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. உயர்ந்தால் எல்லாக் கேமராவும் கீழிருந்துதான் எடுக்கும். அவருக்கென ஒரு துணையாள் கட்டாயம். தோளில் கை போடுபவரைத் தடுக்கும் வேலையைப் படத்துக்காகச் சிரித்துக்கொண்டிருப்பவரிடமே விட முடியாது. வேடமிட்டிருப்பது தொடுவதற்கான சம்மதம் ஆகாது என்ற அறிவிப்பை நியூயார்க் காமிக் கான் 2014-இல் பெரிய பலகைகளாக வைத்தது; இங்கே அதைத் தமிழில் வைக்க வேண்டும்.

சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்தப் பணியாளரையும் பணியாளராகவே கருதுகிறது. வேலைக்காகச் செல்லும் இடமும், வேலை தருபவர் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. பணியிடத்தில் வந்து பழகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தர வேண்டியது வேலை தருபவரின் கடமை. பத்துப் பேருக்குக் குறைவான ஏஜென்சியில் உள்புகார்க் குழு இருக்காது. அப்போது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சென்னை மாவட்ட உள்ளூர்க் குழுவின் தொடர்பு எண், அரங்கப் பொறுப்பாளரின் கைபேசி எண், உடை மாற்றும் அறை இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் பணியாளர் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன நிபந்தனைகளை ஸ்டால் முன்பதிவுப் படிவத்தோடு ஒரு பக்கமாக இணைத்து, கேம் நிறுவனமும் ஏஜென்சியும் கையெழுத்திட்ட பிறகே அமைப்பாளர்கள் இடம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கண்காட்சி ஸ்டால் பணியாளர் ஏற்பாட்டுத் துறையில் உள்ள வாசகர்கள்,
சென்னை.