அக்கா, அம்மா தெவசத்துக்கு நான் வரவில்லை

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முதல் தெவசத்துக்கு நான் பந்தலூர் வரப்போவதில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. என்னைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நீ அலுத்துப் போயிருப்பாய். இனி இதைக் காட்டிவிடு.

குன்னூரிலிருந்து வரும் பஸ் வழி உனக்கு மனப்பாடம். ஊட்டியில் ஒரு மாற்றம், கூடலூரில் ஒரு மாற்றம், நடுவட்டம் தாண்டினால் வளைவு வளைவாக இறக்கம். ஆடி மழையில் மண் சரிந்தால் எங்கே நிற்போம் என்று சொல்ல முடியாது. எனக்கு இருக்கிற நோயில் அந்தப் பயணம் ஒன்றே அந்த வாரத்துத் தெம்பை எடுத்துக்கொள்ளும். வந்து இறங்கிய பிறகு அம்மா படத்துக்கு முன்னால் உட்காரக்கூட என்னிடம் எதுவும் மிச்சம் இருக்காது.

கருமாதி அன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. உன் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வாசலில் அத்தைமார். நீ வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "அம்மா காய்ச்சலோட, இடுப்புல படங்கு கட்டிக்கிட்டு மழையில கொழுந்து எடுத்தா. இவளுக்குத் தேங்காய் துருவ முடியலையாம்." யாரும் எதுவும் பேசவில்லை. நான் எழுந்து போய் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு மூடியாகத் துருவினேன். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் மரத்துப்போனது. மூடி பல்லில் பதியாமல் வழுக்கியது. வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு துருவினேன். தட்டு நிறைந்ததும் நீ எட்டிப் பார்த்து, "இதானே, மனசு வெச்சா முடியுதுல்ல" என்றாய்.

நீ பார்த்தது அவ்வளவுதான். அதற்கு அப்புறம் குன்னூரில் என் மகள் எனக்குச் சோறு ஊட்டியதை நீ பார்க்கவில்லை. எம்.இ. (மயால்ஜிக் என்செபலோமைலிடிஸ்) என்கிற, ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு தரும் இந்த நோயின் குணமே அதுதான், அக்கா. வேலை செய்யும்போது எப்படியோ செய்துவிடுவோம். ஒரு நாளோ ரெண்டு நாளோ கழித்துத்தான் உடம்பு விழும். விழுந்தால் எழுந்திருக்க எத்தனை நாள் ஆகும் என்பது நம் கையில் இல்லை. ரத்தப் பரிசோதனையில் தெரியாது என்பதற்காக இது சோம்பல் ஆகிவிடாது. உலக சுகாதார அமைப்பு 1969லேயே இதை நரம்பு மண்டல நோய்களில் சேர்த்துவிட்டது. நான் பார்த்த ஒரு டாக்டர், "தினமும் நடங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போங்க" என்றார். நானும் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் வரை நடந்தேன். நடக்க நடக்கப் படுத்துக் கிடக்கும் நாள்தான் கூடியது. அப்படிப் பயிற்சியை ஏற்றிக்கொண்டே போகும் சிகிச்சையை இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2021ல் சொல்லிவிட்டது. அதை நான் படித்தது ரொம்பப் பிந்தி.

அம்மா கதை எனக்கும் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் போடுவார்கள் என்று சொல்லும்போது அம்மாவுக்குக் குரல் கம்மிவிடும். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் கப்பல் ஏறி இந்த மலைக்கு வந்த பிறகும் தராசைப் பார்த்தால் அந்தப் பயம் போகவில்லை. காய்ச்சலோடு கொழுந்து எடுத்தது வீரம் என்கிறாய். படுத்தால் அடுப்பு எரியாது, அதனால் எடுத்தாள். "இன்னைக்குப் படுத்துக்க" என்று அவளிடம் சொல்ல ஆள் இருந்ததா? அன்றைக்கு அத்தைமார் முன்னால் நீ எனக்கு அரைப் பேர் போட்டாய்.

ஆனால் எனக்குக் காமாலை வந்தபோது பள்ளிக்கூடம் போகாமல் பக்கத்தில் இருந்தவளும் நீதான். "நீ படு, நான் இருக்கேன்ல" என்பாய். தலை தூக்க முடியாத காலையில் முன்பெல்லாம் என்னை நானே திட்டிக்கொள்வேன். இப்போது நீ சொன்னதைத்தான் சொல்லிக்கொள்கிறேன், உன் குரலிலேயே.

தலைக்குக் குளித்த அன்று கடைக்குப் போவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சமைக்கிறேன். களைப்பு வருவதற்கு முன்னாலேயே படுத்துவிடுகிறேன். நன்றாக இருக்கிற நாளில்தான் கஷ்டம். மாவு ஆட்டிவிடலாமா, பரணைத் துடைக்கலாமா என்று கை பரபரக்கும். பாதியில் போட்டுவிட்டு வரப் பழகிக்கொண்டேன். போன் எடுக்காததும் இதனால்தான். பேசவும் தெம்பு வேண்டும். உன்னிடம் பேச இன்னும் வேண்டும், நன்றாக இருப்பதுபோல் குரலை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே.

மாமாவும் இதைப் படிப்பார். பணத்தைப் பற்றி அவர் கேட்டதற்கு இங்கே பதில் சொல்லப்போவதில்லை. என் பங்கு வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும்.

சின்ன மகள் எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள். நீ தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு என்னை மன்னித்துவிடு. ஆனால் அம்மாவின் கடைசி நாட்களையும் நீ தனியாகத்தான் பார்த்தாய் என்று மட்டும் சொல்லாதே. யார் எப்போது வந்து இருந்தார்கள் என்பது நம் ரெண்டு பேருக்கும் தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம்.

அன்றைக்கு இங்கே விளக்கேற்றி, தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் படைப்பேன். தேங்காயை மகள் துருவித் தருவாள். ஐப்பசியில் குன்னூருக்கு மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் புரட்டாசியில் நீ ஒரு தடவை வா. ரெண்டு நாள் தங்கு. பாதி நேரம் நான் படுத்திருப்பேன். நீ கட்டிலில் உட்கார்ந்து பேசு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. அத்தைமாரைக் கூட்டி வராதே.

உன் தங்கச்சி