தை இதழ் அச்சேற நன்கொடை வேண்டுகோள்

அன்புடைய வாசகர்களுக்கும் சந்தாதாரர்களுக்கும் வணக்கம்.

குடந்தை கும்பேசுவரர் அருளாலும் உங்கள் ஆதரவாலும் நம் சிறுகதை இதழ் இதுவரை தடைபடாமல் வந்திருக்கிறது. தை இதழுக்கான கதைகள் தேர்வாகி, மெய்ப்புத் திருத்தமும் முடிந்துவிட்டது. ஆனால் டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டினால்தான் பொங்கலுக்கு முன் இதழ் கிடைக்கும் என்று அச்சகத்தார் சொல்லிவிட்டனர். காலண்டர், டைரி வேலைகள் குவியும் மாதத்தில் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. நம் உறுப்பினர்களில் பலர் விவசாயிகள். சம்பா அறுவடையாகி அவர்கள் கையில் பணம் புழங்கும் வரை காத்திருக்கவும் வழியில்லை.

கும்பகோணத்துக்கு இதழ் நடத்துவது புதிதன்று. கு.ப.ராஜகோபாலனும் ந.பிச்சமூர்த்தியும் பிறந்த மண் இது. 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழில் அவர்கள் எழுதிய கதைகள் தமிழ்ச் சிறுகதையின் போக்கையே மாற்றின. சரிகை வியாபாரத்தில் இருந்த எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராம் 1948-இல் இங்கிருந்தே ‘தேனீ’ இதழை நடத்தினார். அது நெடுநாள் நீடிக்கவில்லை என்றாலும், கும்பகோணத்திலிருந்து ஓர் இலக்கிய இதழ் வரமுடியும் என்பதற்கு எங்கள் மூத்தவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். அந்த எழுத்தாளர்கள் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், 400 பிரதிகள் அடிக்கும் ஓர் இதழைக் கைவிடுவது முறையாகுமா?

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். டெமி அளவில் நான்கு ஃபாரம், அதாவது 64 பக்கம். தாளும் அச்சும் 19,500 ரூபாய். அட்டைக்கு 3,800, பைண்டிங்குக்கு 2,400, தபாலுக்கு 6,400. வாசகர்கள் கருத்து எழுதி அனுப்ப ஒவ்வொரு பிரதியுடனும் வைக்கும் 50 பைசா அஞ்சலட்டைக்கு 200. ஆக மொத்தம் 32,300 ரூபாய். கையிருப்பு 14,800, தேவைப்படுவது 17,500. தட்டச்சுக்கும் மெய்ப்புக்கும் யாரும் காசு வாங்குவதில்லை. பதிவு பெறாமல் நமக்குள் மட்டும் சுற்றும் தனிச்சுற்று இதழ் என்பதால் பதிவு பெற்ற பத்திரிகைகளுக்குரிய அஞ்சல் சலுகை நமக்குக் கிடையாது.

செலவைக் குறைக்க, வாசகர் கடிதப் பகுதியான அரை ஃபாரத்தை எடுத்துவிடலாம் என்று குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நெடுநேரம் பேசிய பிறகு அதை ஏற்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். நம்மிடம் எழுதுபவர்களில் பெரும்பாலோர் முதல் கதை எழுதுபவர்கள். சன்மானம் தர நமக்கு வசதியில்லை. அவர்கள் பெறும் ஒரே ஊதியம் முகம் தெரியாத ஒருவர் கதையைக் கருத்தூன்றிப் படித்து எழுதும் நாலு வரிதான். ஒரு பெண் எழுதிய கதையில் ஐப்பசி மழையில் குறுவை நடவு நடப்பதாக வந்தபோது, திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், குறுவை அறுவடையாகிக் களத்துக்கு வந்துவிடும் மாதத்தில் யார் நாற்றுப் பறித்தார்கள் என்று கேட்டதோடு, அந்த மாதத்தில் வயல் எப்படியிருக்கும் என்பதையும் அஞ்சலட்டை முழுக்க எழுதியிருந்தார். அந்தப் பெண் கதையைத் திருத்தி எழுதினார். அடுத்த கதையை எழுதுமுன் வயலுக்கே போய்ப் பார்த்தார். “அருமை” என்ற பாராட்டு இதைச் செய்யாது. இப்படிப்பட்ட கடிதங்களுக்காகத்தான் அந்த எட்டுப் பக்கத்தையும் காப்பாற்ற நினைக்கிறோம்.

இதுவரை உதவியவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆண்டுதோறும் அட்டைச் செலவில் பாதியை ஏற்கும் பாத்திரக்கடை உரிமையாளர், ஓய்வூதியம் வந்த கையோடு தொகை அனுப்பும் தமிழாசிரியர்கள், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கூலியிலிருந்து சந்தா கட்டும் அம்மையார், மகள் திருமணத்தில் வந்த மொய்யில் ஒரு பங்கை இதழுக்கு எழுதி வைத்த அன்பர், சிங்கப்பூரிலிருந்தும் ஊரை மறவாத நண்பர்கள் என அனைவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சந்தா முடிந்த பின்னும் இதழைப் பெற்றுவரும் அன்பர்கள் பலர் உள்ளனர். யாருக்கும் நாங்கள் இதழை நிறுத்தவில்லை. நிறுத்தவும் மனம் வராது. கூலி வேலை செய்யும் ஓர் அம்மையார் தவணை தவறாமல் கட்டும்போது, வசதியுள்ளவர்கள் பாக்கி வைப்பது நியாயமா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விடுகிறோம். தம் முதல் கதையை இவ்விதழில் கண்டு, இன்று பெரிய பத்திரிகைகளில் எழுதும் நண்பர்களுக்கும் இதில் கடமையுண்டு.

100 ரூபாயானாலும் மனமுவந்து ஏற்போம். சென்ற இதழின் கடைசிப் பக்கத்திலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். குழு உறுப்பினர்களிடம் நேரில் தந்தும் ரசீது பெறலாம். வரவு செலவு முழுவதும் தை இதழில் அச்சாகும். பணம் தர இயலாதவர்கள் சென்ற இதழோடு வந்த அஞ்சலட்டையில், தமக்குப் பிடிக்காத கதை எது, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதி டிசம்பர் 10-க்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழுவினர்,
கும்பகோணம்.