அந்த 34 மார்க்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே. இங்கே எல்லோரும் நலம்.

பையனைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். ஐஐடியில் சேர எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டில் அவனுக்கு 81. அவனுடைய அத்தை மகன் போன வருஷம், 2024-ல், வாங்கியது 115. "அதே பரீட்சைதானே, 34 மார்க் எங்கே போச்சு?" என்று வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்க, அவன் அறையை விட்டே வெளியே வருவதில்லை என்கிறாய். கலா, அது அதே பரீட்சை இல்லை. பெயர்தான் ஒன்று.

கட்-ஆஃபைப் பார். மொத்தம் 360. தேறியவர்களின் பொதுப் பட்டியலில் இடம்பெற 2022-ல் 55 போதுமாக இருந்தது. 2023-ல் 86, 2024-ல் 109, 2025-ல் 74. முதலிடம் வாங்கியவர்களின் மார்க்கும் இப்படித்தான்: 2022-ல் 314, 2024-ல் 355, 2025-ல் 332. இரண்டு வருஷத்தில் நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் திடீரென்று கெட்டிக்காரர்களாகி, மூன்றாம் வருஷம் மங்கிப்போனார்களா என்ன? ஒவ்வொரு வருஷமும் ஒரு ஐஐடி பொறுப்பேற்று நடத்துகிறது. 2022-ல் பம்பாய், 2023-ல் குவாஹாத்தி, 2024-ல் சென்னை, 2025-ல் கான்பூர். கை மாறும்போது தாளின் எடையும் மாறுகிறது.

அத்தை மகன் கோட்டுக்கு ஆறு மார்க் மேலே நின்றான். உன் பையன் ஏழு மார்க் மேலே நிற்கிறான். அதற்காக இவன்தான் உசத்தி என்று நீயும் பதிலுக்குக் கிளம்பிவிடாதே. கோடும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 2024-ல் பொது, இடஒதுக்கீடு என்று எல்லாப் பிரிவும் சேர்த்துத் தேறியவர்கள் 48,248 பேர். 2025-ல் 54,378 பேர். 2018-ல் நடந்தது நினைவிருக்கிறதா? கட்-ஆஃப் 35 சதவீதம், அதாவது 126 என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். தாள் கடினமாகிவிட, தேறியவர்கள் 18,138 பேர்தான். ஒவ்வொரு பிரிவிலும் இடங்களைப் போல இரண்டு மடங்கு பேராவது பட்டியலில் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்ன பிறகு, கோட்டை 90-க்கு இறக்கி இன்னும் 13,842 பேரைச் சேர்த்தார்கள். 125 வாங்கி விடுபட்ட பிள்ளை, கூடுதலாக ஒரு வரி எழுதாமலே தேறிவிட்டது. ஆகவே மார்க்கையும் பார்க்காதே, கோட்டையும் பார்க்காதே. அதே நாளில் அதே தாளை எழுதியவர்களில் எத்தனையாவது ஆள் என்பது மட்டும்தான் பேசும்.

இது நமக்குத் தெரியாததா? 1997-ல் சில மையங்களில் கேள்வித்தாள் கசிந்துவிட்டது என்று ஜேஇஇயை இரண்டு முறை வைத்தார்களே. நாம்தான் இரண்டையும் எழுதினோம். முதல் தடவை இயற்பியல் உனக்கு அல்வா மாதிரி இருந்தது, நான் வெளியே வந்து அழுதேன். இரண்டாம் தடவை நேர்மாறு. இடையில் நம் இருவர் மூளையிலும் எதுவும் மாறிவிடவில்லை. அந்த மத்தியானம் மரத்தடியில் நீ என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"எங்க காலத்துல இதைவிடக் கஷ்டம்" என்று உன் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கஷ்டத்தின் வகையே வேறு என்று அவரிடம் சொல். ஒரு சின்னக் கணக்கு. ஒரு எண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 3. இரண்டையும் ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் எவ்வளவு? நாம் என்றால் வர்க்கங்களின் கூட்டல் 7, கனங்களின் கூட்டல் 18, இரண்டையும் பெருக்கினால் 126, அதில் 3 போனால் 123 என்று படிப்படியாக எழுதிக் காட்டியிருப்போம். 2006-ல் ஜேஇஇ முழுக்க ஆப்ஜெக்டிவ் ஆனது, வழியை எழுத வேண்டாம், விடை மட்டும் போதும். 47, 76, 123, 199 என்று நாலு விடை கொடுத்துவிட்டால் வழியே வேண்டாம்; அந்த எண் ஏறக்குறைய 2.6, அதன் ஐந்தாம் அடுக்கு 119-ஐ ஒட்டி வரும், 123-ஐத் தொட்டுவிட்டுப் போகலாம். இப்போது பல கேள்விகளில் அந்த நாலு விடையும் கிடையாது. விடையை எண்ணாகத் தட்ட வேண்டும், கால்குலேட்டர் கிடையாது. 99 முறை சரியாகப் பெருக்கிய பிள்ளை கடைசிக் கூட்டலில் சறுக்கினால் பூஜ்யம். வழி தெரியும் என்பதைக் காட்ட அவனுக்கு ஒரு மூலைகூட இல்லை. எனக்கு இதில்தான் மனது ஆறமாட்டேன் என்கிறது.

லேசான தாள் வந்தால் நல்லது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். என் மாணவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் வேண்டிக்கொள்வார்கள். லேசான தாளில் எல்லோரும் மேலே போய் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். கவனக்குறைவில் போகும் ஒரு கேள்வி ஆயிரக்கணக்கான ரேங்க்கைத் தள்ளிவிடும். நிதானமான பிள்ளைக்கு அது சாதகம். கடினமான தாளில் எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த பிள்ளைக்குச் சாதகம். அட்வான்ஸ்டுக்கு முன்னால் பல ஷிஃப்டுகளில், வேறு வேறு தாள்களோடு நடக்கும் ஜேஇஇ மெயினில், தாளுக்குத் தாள் கஷ்டம் மாறும் என்பதை ஒத்துக்கொண்டேதான் நடத்துகிறார்கள். 2019-லிருந்து ஒரு ஷிஃப்டில் எழுதியவர்களை அந்த ஷிஃப்டோடு மட்டும் ஒப்பிட்டுத்தான் பெர்சன்டைல், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் அவன் அளவிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள் என்ற கணக்கு, போடுகிறார்கள்.

சரி, பொய் சொல்ல மாட்டேன். ஐஐடிகளில் இந்த வருஷம், 2025-ல், இருப்பது 18,160 இடங்கள். கோட்டை ஒட்டி நிற்பவனுக்குக் கேட்ட பாடப்பிரிவு கிடைப்பது கஷ்டம். மெயின் ரேங்க்கை வைத்து என்ஐடிகளையும், அதாவது தேசியத் தொழில்நுட்பக் கழகங்களையும், பாருங்கள். நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வு எப்படியும் இருக்கிறது. நமக்கு மாநில நுழைவுத்தேர்வு நூறும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். 2007-08-லிருந்து அது இல்லை, பிளஸ் டூ மார்க்கை வைத்து 200-க்குத்தான். அவனுக்குக் கணக்கில் நல்ல மார்க் என்று போன கடிதத்தில் நீதான் எழுதியிருந்தாய்.

அட்வான்ஸ்டின் இரண்டாம் தாளில் ஒரு கேள்வியில் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டான் என்றாயே, அது எது என்று கேட்டு எழுது. நானும் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். அவன் எதுவரை போனான் என்பதையும் எழுதச் சொல். அந்த இடத்திலிருந்து நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
மாலதி