சம்புநாத் டேயும் மேற்கோள் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்தே அவரை எடைபோடும் வழக்கம் பெருகிவிட்டது. பதவி உயர்வு என்றாலும் ஆய்வு நிதி என்றாலும் முதலில் மேற்கோள் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடும் ‘எச்-இண்டெக்ஸ்’ என்ற மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள்.

கல்கத்தாவின் சம்புநாத் டேயை நினைத்துப் பாருங்கள். காலரா கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, மீதியை முயலின் குடலில் செலுத்திப் பார்த்தார். குடல் அப்போதும் நீர் கோத்து வீங்கியது. அப்படியானால் நோயைத் தருவது கிருமி சுரக்கும் நச்சு! 1959இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தும், பல ஆண்டுகள் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. நம் நாட்டு அறிவியல் கழகம் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. 1985இல் அவர் மறைந்தார். மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜீன் கார்ஃபீல்டே அவருடைய ஆய்வின் தாக்கத்தை விரிவாக அலசி எழுதியது அதற்கடுத்த ஆண்டில்தான். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

எண்ணிக்கையைப் பாருங்கள், சரி. ஆனால் தேர்வுக்குழுவினர், தாங்கள் எடைபோடும் ஆய்வாளரின் கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர், மதுரை