தந்தத்தை நம்பி நெட்சுகே வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழம்பொருள் சேகரிப்பில் ஆர்வமுள்ள நம் மாவட்ட இளைஞர்கள் சிலர், நெட்சுகே எனப்படும் ஜப்பானியச் சிறு சிற்பங்களை இணையவழி ஏலங்களில் தேடி வாங்குகிறார்கள். மகிழ்ச்சிதான், ஆனால் 'பழைய யானைத் தந்தம்' என்ற குறிப்பைப் பார்த்ததுமே பணம் கட்டிவிடுவது சரியல்ல.

ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) உடுத்திய கிமோனோ என்னும் நீள அங்கிக்குப் பை கிடையாது. நம் பெரியவர்கள் வேட்டி மடியில் பொடிமட்டையைச் செருகியதுபோல, ஜப்பானியர் மருந்துச் செப்பையும் புகையிலைப் பையையும் கயிற்றில் கோத்து இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாமல் கச்சையின் மேல்விளிம்பில் தடுத்து நின்றதே நெட்சுகே. ஆகவே வாங்குபவர் சிற்பத்தின் முகத்தைவிட முதுகையும் அடியையும்தான் முதலில் பார்க்க வேண்டும். கயிறு நுழையும் இரு துளைகள் அங்கேதான் இருக்கும். முடிச்சு உள்ளே மறைய ஒன்றைச் சற்றுப் பெரிதாகக் குடைவதும் உண்டு. நெடுநாள் புழங்கிய பொருளில் துளையின் விளிம்பு கயிறு உரசி வழவழப்பாகவும், உடையோடு உராய்ந்த பக்கத்தில் செதுக்கல் மழுங்கியும் இருக்கும். அச்சில் வார்த்த பிசின் போலிகளிலோ பள்ளங்களில் பழுப்புச் சாயம் தேங்கியிருக்க, துளை மட்டும் நேற்றுப் போட்டதுபோல் இருக்கும். எடோவை அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் (1868–1912) ஏற்றுமதிக்கென்றே செதுக்கியவற்றில் இத்தேய்மானம் இராது என்பதையும் மறக்கக் கூடாது. சிற்பியின் கையொப்பத்தை மட்டும் நம்புவதிலும் பயனில்லை; எருதுச் சிற்பங்களுக்குப் புகழ்பெற்ற கியோட்டோ நகரச் சிற்பி தொமொதாதாவின் பெயரில் 18ஆம் நூற்றாண்டிலேயே போலிகள் உலவின.

தந்தம் அசலாகவே இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986, 1991ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட திருத்தங்கள் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், இறக்குமதியாகும் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடைசெய்துவிட்டன. 'நூறாண்டுப் பழையது' என்று விற்பவர் சொல்லும் சமாதானத்தை நம்பி யாரும் வழக்கில் சிக்கிக்கொள்ள வேண்டாம். பாக்ஸ்வுட் போன்ற இறுகிய மரத்திலேயே ஜப்பானியச் சிற்பிகள் மிகச் சிறந்த நெட்சுகேக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் எனும் முகப்பு மண்டபத்து மரச்செதுக்கு மேற்கூரையை அண்ணாந்து பார்த்து வளர்ந்த நமக்கு, மரவேலையின் மதிப்பை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பழம்பொருள் குறித்த கட்டுரைகளை வெளியிடும்போது இச்சட்ட விவரத்தையும் தங்கள் நாளிதழ் சேர்த்துத் தர வேண்டுகிறேன். சேகரிப்போர் தம்மிடம் உள்ள பொருட்களைக் காட்டி விளக்கம் பெற, கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகம் மாதம் ஒரு நாளை ஒதுக்கினாலும் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை.