அனுப்பிய நோயாளி என்ன ஆனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து அவசரப் பிரிவுகளிலிருந்து நோயாளிகள் எல்லையான முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்கு அனுப்பப்படுவது புதிதல்ல. கூடவே, ஏன் அனுப்புகிறோம் என்று எழுதிய ஒரு ரெஃபரல் சீட்டும் போகும். பதில் சீட்டு திரும்பி வருவதுதான் அபூர்வம். இதை நிர்வாகக் குறை என்று ஒதுக்கிவிடுகிறோம். எங்கள் பார்வையில், அவசர மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. ஆகிய மேற்படிப்புகள் படிக்கும் இளம் மருத்துவர்களின் கல்வியிலேயே பெரிய ஓட்டை இதுதான்.

பொது மருத்துவமோ அறுவைச் சிகிச்சையோ படிப்பவர், தான் சேர்த்த நோயாளியை டிஸ்சார்ஜ் வரை பார்க்கிறார். அவசரப் பிரிவில் இருப்பவர் ஒரு மணி, இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வார்டுக்கோ வேறு ஊருக்கோ அனுப்பிவிடுகிறார். தான் எடுத்த முடிவு சரியா, தவறா என்று அவருக்கு யார் சொல்வது? சொல்ல ஆளில்லை என்றால், ஒரே தவறை மூன்று ஆண்டுகளும் முழு நம்பிக்கையோடு செய்து முடித்துப் பட்டமும் வாங்கிவிட முடியும்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். விரியன் கடித்ததா என்று அறிய 20 நிமிட ரத்த உறைதல் சோதனை செய்கிறோம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது, அவ்வளவுதான்; உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாலோ, பிளாஸ்டிக் குழாயில் எடுத்திருந்தாலோ, நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். விஷம் ஏறாதவருக்கு 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏறிவிடும். அந்த மருந்துக்கே உயிரைப் பதறவைக்கும் ஒவ்வாமை வரக்கூடும். பெரிய மருத்துவமனை ஆய்வகத்தில் உறைதல் அளவு சரியாகவே இருந்தது என்ற ஒரு வரி திரும்பி வந்தால், அனுப்பியவர் அடுத்த நாளே குழாயை மாற்றுவார். கட்டுவிரியன் கதை நேர் எதிர். தரையில் படுத்திருந்தவர் நள்ளிரவில் வயிற்றுவலி என்று வருவார்; கடிவாய் தெரியாது; ரத்தமும் ஒழுங்காக உறையும். வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பப்பட்டவருக்கு விடியும்போது இமை சரிந்து, மூச்சு தளர்ந்திருக்கும். அதைப் பார்ப்பவர் அடுத்த மருத்துவமனைக்காரர். முதலில் பார்த்தவருக்கு அது பாடமாகப் போய்ச் சேர்வதே இல்லை.

பூச்சிமருந்து விஷத்திலும் இதே நிலைதான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்றால், முறிவு மருந்தான அட்ரோபினை 0.6 மி.கி. ஆம்பூல் (ஊசிமருந்துச் சிறுகுப்பி) மூன்றில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைக் கேட்டு, பலனில்லை என்றால் 6, 12, 24 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். நெஞ்சுக் கரகரப்பு நின்று, நாடியும் மேல் ரத்த அழுத்தமும் 80-ஐத் தாண்டி, அக்குள் காய்ந்தால் இலக்கு வந்துவிட்டது. கண்பாவை விரியட்டும் என்று காத்திருப்பது வீண். பிறகு, மொத்தம் கொடுத்ததில் 10 முதல் 20 சதவீதத்தை மணிக்கு மணி தொடர்ந்து செலுத்த வேண்டும். இவ்வளவையும் ஒரு பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர் அவசரப் பிரிவிலேயே கற்றுக்கொள்ளலாம், நோயாளி பக்கத்திலேயே நின்றால். ஆனால் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் அதே நோயாளிக்குத் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போய், மூச்சுத் தசைகள் தளர்வதை அவர் பார்க்கவே மாட்டார். மூச்சுக்குழாய் வைக்கும்போது தசைகளைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் கொடுத்திருந்தால், இந்த விஷத்தில் அதன் வேலை சில நிமிடங்களில் முடியாமல் நெடுநேரம் நீடிக்கும். ஐ.சி.யு.காரர்களுக்குத் தெரியும் இந்தச் செய்தி கேஷுவாலிட்டிக்குத் திரும்ப வேண்டாமா?

நாங்கள் கேட்பது அரைப்பக்கத் தாள். மேல் பாதியில் கடித்த அல்லது குடித்த நேரம், கொடுத்த மருந்து எத்தனை குப்பி, எத்தனை ஆம்பூல், செய்த சோதனையின் முடிவு, அனுப்பும்போது மூச்சும் நாடியும் எப்படி. ‘முதலுதவி செய்யப்பட்டது’ என்று ஒற்றை வரியில் எழுதுவதை முதலில் நிறுத்துவோம். கீழ்ப் பாதியை 48 மணி நேரம் கழித்து அங்குள்ள பி.ஜி. நிரப்பி அனுப்ப வேண்டும்: இறுதியில் என்ன நோய் என்று தெரிந்தது, முதல் ஒரு மணி நேரத்தில் என்ன மாற்றினார்கள், வென்டிலேட்டர் தேவைப்பட்டதா, இப்போது எப்படி இருக்கிறார். பூச்சிமருந்து என்றால் ஏழாம் நாள் இன்னொரு முறை. பெயர் வேண்டாம், மருத்துவமனை எண் போதும். நோயாளியின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது இதற்கு மாற்று ஆகாது.

இதைப் பொருத்த இடமும் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி ஒவ்வொரு மேற்படிப்பு மாணவரும் 3, 4 அல்லது 5-ஆம் பருவத்தில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் இந்த மூன்று மாதம் இரவு டியூட்டிக்குக் கிடைத்த கூடுதல் கை என்ற அளவில் கழிகிறது. அனுப்பும் பக்கத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு பெரிய மருத்துவமனைப் பி.ஜி.க்குக் கிடைக்காது. அந்த மூன்று மாதத்தில் அவர் அனுப்பிய ஒவ்வொருவரின் முடிவும் லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) ஏற வேண்டும். எண்ணிக்கை மட்டும் எழுதும் பழக்கம் போதாது. அல்ட்ராசவுண்டு பயிற்சிக்கு அமெரிக்க அவசர மருத்துவர் கழகம் ஒவ்வொரு வகைக்கும் 25 முதல் 50 ஸ்கேன் என்று சொல்வதும், யாராவது மறுபடி பார்த்துச் சரி சொன்ன ஸ்கேன்களைத்தான்.

வேலை விஷயத்திலும் இதற்கு மதிப்பு உண்டு. அவசர மருத்துவம் இந்தியாவில் 2009-இல் தனித் துறையாக அங்கீகரிக்கப்பட்ட படிப்பு. மருத்துவக் கல்லூரிகளுக்கான 2020 விதி அவசர மருத்துவத் துறையைக் கட்டாயமாக்கியது. 2023 விதி அதை அந்தக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே பேராசிரியர் வேலையை மட்டும் நம்பி இந்தப் படிப்புக்கு வருபவர்கள் யோசித்து வர வேண்டும். தனியார் அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சையில் டி.எம். என்னும் உயர்படிப்பு, நச்சு மருத்துவம், 108 போன்ற சேவைகளின் மருத்துவ மேற்பார்வை என்று வழிகள் உள்ளன. எதற்குப் போனாலும், ‘இருநூறு பேருக்கு டியூப் (மூச்சுக்குழாய்) போட்டேன்’ என்பவரைவிட, ‘நான் அனுப்பியவர்களில் இத்தனை பேருக்கு என் முதல் கணிப்பு மாறியது, காரணம் இது’ என்று காட்டுபவரைத்தான் நாங்கள் தேர்ந்தெடுப்போம். கடைசி நேரத்தில் தீசிஸ் (ஆய்வேடு) தலைப்புத் தேடுவோருக்கும் இந்தத் தாள்களே தரவு.

குறை கண்டுபிடித்து மெமோ கொடுக்கும் கருவியாக இது மாறிவிடும் என்ற பயம் நியாயமானது. மாறினால் இரண்டாம் மாதமே கீழ்ப் பாதி வெறுமையாகத்தான் வரும். அதனால் தாள்கள் கண்காணிப்பாளர் மேசைக்குப் போகக் கூடாது. இரு பக்கத்துப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர்களிடம் மட்டும் இருக்கட்டும். மாதம் ஒரு மணி நேரம், நான்கு நோயாளிகள், இரு பக்கத்துப் பி.ஜி.க்களும் ஆன்லைனில் பேசட்டும். மாநிலமும் யூனியன் பிரதேசமும் வேறு வேறு என்பதால் தனி அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாம்புக்கடி, பூச்சிமருந்து இரண்டுக்கு மட்டும் ஆறு மாதம் தொடங்கிப் பார்க்க இரண்டு துறைத்தலைவர்களின் கையெழுத்து போதும்.

இப்படிக்கு,
அவசர மருத்துவப் பயிற்றுநர்கள் சிலர்,
கடலூர்.