அந்த இடத்தின் காந்தப் படம் எங்கே என்று கேளுங்கள்

எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருள்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். மின்னோட்டம் செலுத்தி ஸ்பின்களின், அதாவது அணுக்களின் நுண்காந்தங்களின், அச்சைத் திருப்பிவிட்டோம் என்று உங்கள் மாணவர் ஒரு மின்தடை வரைபடத்தோடு வந்து நின்றால், அந்த இடத்தின் காந்தப் படம் எங்கே என்று தயவுசெய்து கேளுங்கள்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. எதிர் ஃபெர்ரோ காந்தமான நிக்கல் ஆக்சைடின் மேல் மெல்லிய பிளாட்டினப் படலம் இட்டு, ஒரு திசையில் சில மின் துடிப்புகள், அப்புறம் அதற்குக் குறுக்கே சில துடிப்புகள் என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். மின்தடை ரம்பப் பல் போல ஏறி இறங்கியது. காந்தம் திரும்புகிறது என்றே பல மாதங்கள் நம்பினேன். ஒருநாள் நிக்கல் ஆக்சைடே இல்லாமல், வெறும் கண்ணாடியில் பிளாட்டினம் இட்டு அளந்தேன். அதே ரம்பப் பல். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2019-இல் தைவான், அமெரிக்க ஆய்வாளர்கள் இதே பிளாட்டினத்தில் இதையே காட்டினார்கள். துடிப்பின் சூடு உலோகத்தையே மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் காந்தத்தின் வேலைபோலத் தெரிகிறது.

இந்தப் பொருள்களில் ஏமாறுவது எளிது. பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தத் திருப்புதிறன்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிடுவதால் வெளியே புலம் ஏறக்குறைய இல்லை. வழக்கமான காந்தவிசை நுண்ணோக்கிக்குப் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. நியூட்ரான் சிதறல் 1949-லேயே மாங்கனீசு ஆக்சைடில் இந்த ஒழுங்கை உறுதிசெய்தது, ஆனால் அது தருவது சராசரிதான். எந்த டொமைன் (ஸ்பின்கள் ஒரே அச்சில் நிற்கும் பகுதி) எங்கே இருக்கிறது, டொமைன்களுக்கு இடையிலான சுவர் எங்கே ஓடுகிறது என்பது அதில் தெரியாது.

அதற்கு எக்ஸ் கதிர் வேண்டும். நேர்கோட்டு முனைவாக்கம் கொண்ட, அதாவது மின்புலம் ஒரே கோட்டில் அதிரும், கதிரை நிக்கல் உட்கவரும் அளவு, ஸ்பின் அச்சு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துச் சற்றே மாறும். வெளியேறும் எலக்ட்ரான்களைக் கொண்டு படம் எடுத்தால், சில பத்து நானோமீட்டர் நுணுக்கத்தில் டொமைன்கள் கருப்பு வெள்ளையாகத் தெரிகின்றன. படிகத்தின் திரிபும், அதாவது அது சற்றே இழுபட்டோ நசுங்கியோ இருப்பதும், இதே மாதிரி வேறுபாட்டைக் காட்டக்கூடும். அதனால் முனைவாக்கத்தைச் சுழற்றியும், நிக்கல் ஆக்சைடின் காந்த ஒழுங்கு குலையும் ஏறத்தாழ 523 கெல்வினுக்கு மேல் சூடாக்கியும் சரிபார்க்க வேண்டும். சிறிதளவாவது புலம் கசியும் பொருள் என்றால் நுண்ணிய காந்தப் புலத்தை அளக்கும் வைர முனை உணரியும் உதவும். 2017-இல் பிஸ்மத் ஃபெரைட்டின் சுமார் 70 நானோமீட்டர் அலைநீளமுள்ள சுழல் அமைப்பை அப்படித்தான் படமெடுத்தார்கள்.

2021-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரக் குழு நிக்கல் ஆக்சைடை நேரடியாகப் படமெடுத்தது. டொமைன்கள் உண்மையிலேயே திரும்பியிருந்தன. ஆனால் திருப்பியது மின்னோட்டத்தின் ஸ்பின் விசை அல்ல, சூட்டினால் எழுந்த திரிபு என்று தெரிந்தது. இதை எந்த மின்தடை வளைவு சொல்லியிருக்கும்?

இந்த எக்ஸ் கதிரைத் தரும் பெரிய முடுக்கியான சிங்க்ரோட்ரானில் நேரம் கிடைப்பது கடினம் என்பதை அறிவேன். அதனால்தான் முதல் ஆண்டிலேயே மாணவரை விண்ணப்பம் எழுத வையுங்கள். கிடைக்கும்வரை, காந்தம் இல்லாத மாதிரியிலும் அதே அளவீட்டைச் செய்யச் சொல்லுங்கள். படம் இல்லாத ஆய்வேட்டில் ‘திருப்பினோம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘மின்தடை மாறியது’ என்று எழுத வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் பழைய மாணவன்